வடக்கனந்தல் பக்கம் ஒரு குழாய்ப் பாடம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியை இறக்கி வைத்த கண்டக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"உள்ள இன்னாமா இருக்குது, அம்மிக்கல்லா?"

"குழாய்" என்றேன்.

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"மலேசியா."

"ஏன், இங்க குழா கெடைக்காதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விசில் ஊதிக்கொண்டே போய்விட்டார்.

நான் குவாந்தான்காரி. எண்ணெயும் எரிவாயுவும் போகும் குழாய்களுக்கு மேல்பூச்சு போடும் கூடத்தில் பரிசோதனை வேலை. பூச்சு உரிகிறதா, வெடிக்கிறதா, துரு உள்ளே நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை ஆசிரியராக இருக்கும் அருள்ராஜ், இணையக் கூட்டம் ஒன்றில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்கள் மாணவர்களுக்கு நேரில் வந்து சொல்லுங்கள் மேடம்" என்று அழைத்தார். குழாய் எதனால் செய்யப்பட்டது, காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்பதுதான் தலைப்பு. திரையில் படம் காட்டினால் பிள்ளைகள் தூங்குவார்கள், கையில் இரும்பைக் கொடுத்தால் தூங்கமாட்டார்கள், காலில் விழுந்துவிடும் என்ற பயத்திலாவது விழித்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால் முழங்கை நீளத்துக்கு ஐந்து துண்டுகளைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். சென்னை விமானநிலையத்தில் ஓர் அதிகாரி அதில் ஒன்றைக் கண்ணில் வைத்து, அடுத்த மேசைக்காரரைத் தொலைநோக்கியில் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவரிடம் கொடுத்துத் தன்னைப் பார்க்கச் சொன்னார். இருவருக்கும் திருப்தியான பின் என்னை விட்டார்கள்.

அன்றைய இரவுச் சாப்பாடு பரோட்டா. எங்கள் ஊரில் ரொட்டிச் சானாய் என்று தட்டையாக, பவ்யமாக வரும். பருப்புக் குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போகலாம். இங்கே பரிமாறுகிறவர் பரோட்டாவை அடுக்கி, இரு கைகளாலும் படாரென்று அடித்து நொறுக்கி, அது மூழ்கும்வரை சால்னாவை ஊற்றினார். அதன் மேல் அவருக்கு ஏதோ பழைய கோபம் இருந்திருக்க வேண்டும். "போதும் லா" என்றேன், எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் "லா"வோடு. "சிலோனாங்க?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

மறுநாள் காலை அருள்ராஜ் லாட்ஜுக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். சிரிக்கும்போதும் ஏதோ கவலையில் இருப்பதுபோன்ற முகம்.

"காலேஜுக்கு இன்னிக்கு லீவு விட்டுட்டாங்க மேடம். சேர்மன் வூட்டுக் கல்யாணம். உங்க லெக்சர் நாளைக்கு. இன்னிக்குக் கல்வராயன் மலைக்குப் போய்ட்டு வந்துடலாமா? கரியாலூர்கிட்ட அருவி இருக்குது."

பெட்டியை அறையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால் லாட்ஜ் மேனேஜர் மறித்தார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று நேற்று அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை. இன்று கேட்டார், சொன்னேன்.

"கேஸ் பைப்பா? அதெல்லாம் ரூம்ல வேணாம்மா."

"உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் துண்டு."

"காலி சிலிண்டரே நாங்க வெக்க வுடறதில்ல."

ஆக, நானும் அருள்ராஜும் ஐந்து குழாய்களும் மலைக்குக் கிளம்பினோம். கார் அவருடைய மாமனாருடையது. மாமனார் அதைக் கொடுக்கும்போது சொன்ன அறிவுரைகளை அருள்ராஜ் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தார். கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். ஏ.சி.யைத் தொடக்கூடாது. மூன்றாவது கியர் கொஞ்சம் கோபக்காரன்.

வடக்கனந்தலைத் தாண்டிச் சற்று தூரம் போயிருப்போம். இருபுறமும் கரும்பும் மக்காச்சோளமும், எதிரே நீலமாக மலை. திடீரென்று டீசல் நாற்றம். வண்டி இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. முன்மூடியைத் திறந்தால் டீசல் போகும் ரப்பர் டியூப் வாய் பிளந்து கிடந்தது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைத்திருக்க வேண்டும். மறைக்கத் தெரியவில்லை. "பாருங்கள், எவ்வளவு அழகாக வெடித்திருக்கிறது" என்றேன். "சூட்டில் ரப்பர் இறுகி, வளைகிற இடத்தில் பிளந்திருக்கிறது. பாடப் புத்தகத்துக்குப் படம் எடுக்கலாம்."

அருள்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தார். "மாமனாருக்கு நான் இன்னா சொல்லுவேன் மேடம்" என்றார். கச்சிராயபாளையத்திலிருந்த ஒரு மெக்கானிக்குக் கைப்பேசியில் சொன்னார். அவர் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னாராம். எந்த வேளைச் சாப்பாடு என்று சொல்லவில்லை.

சும்மா இருப்பானேன் என்று பெட்டியைத் திறந்து, ஐந்து துண்டுகளையும் பக்கத்து வரப்பில் வரிசையாக வைத்து, அளவு தெரிவதற்காக டேப்பை நீட்டிப் போட்டு, மலை பின்னால் தெரியும்படி படம் எடுத்தேன். உழுது பார் பிடித்த நிலம். பயிர் ஒன்றும் இல்லை. ஓரத்தில் மட்டும் மரவள்ளிக் குச்சிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன, நட வேண்டியவை. தலைகாய்ந்து போயிருந்தன.

"யாருங்க நீங்க? எங்க நெலத்துல இன்னா அளக்கறீங்க?"

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அருள்ராஜ் ஓடி வந்து, விருந்தாளியைப் பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார்.

"மலேசியாவுலேர்ந்து வந்திருக்காங்கம்மா. கேஸ் பைப்லைன்ல பெரிய ஆளு."

அஞ்சலை வரப்பில் கிடந்த மஞ்சள் குழாயைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். பிறகு ஊர்ப் பக்கம் திரும்பி, "வந்துட்டாங்க" என்று குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான். கரும்புக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். அவ்வளவு பேர் ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. அஞ்சலையின் கொழுந்தனார் கோவிந்தன், அடர்ந்த மீசைக்காரர், கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இங்க இருந்தா பத்திரமா இருக்கும் சார்" என்று அருள்ராஜிடம் மரியாதையாகச் சொன்னார்.

குழாய்களையும் தூக்கிக்கொண்டு எங்களைப் பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு அழைத்துப்போய், மின்விசிறிக்கு நேர்கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு டீ. மத்தியானம் நெருங்கவும் சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டைப் பொரியல். என்னை இதற்கு முன் யாரும் சிறைபிடித்ததில்லை. எங்கள் ஊரில் பிடித்தால் முட்டை பொரித்துக் கொடுப்பார்களா என்பது சந்தேகம். மறுசோறு வேண்டாம் என்றதற்கு, "சாப்புடுங்க, சண்ட அப்பறம் போடலாம்" என்றார் அஞ்சலை.

விஷயம் இதுதான். இந்தப் பக்கமாக ஒரு கேஸ் குழாய் வரப்போகிறது என்று மாதக்கணக்காகப் பேச்சு. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவரின் சம்பந்தி ஊரில் விளைந்து நின்ற பயிருக்கு நடுவே பள்ளம் தோண்டினார்களாம். அஞ்சலைக்கு இருப்பது அந்த ஒரு துண்டு நிலம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. மரவள்ளி நட்டால் பத்து மாதம் மண்ணில் நிற்க வேண்டும். நட்ட பிறகு தோண்டினால் கூலியும் குச்சியும் வீண். நடாவிட்டால் அந்த வருடமே வீண். அதனால் குச்சிகள் வரப்பில் காய்ந்துகொண்டிருந்தன. பாதி ஏற்கெனவே அடுப்புக்குப் போயிருந்தது.

"நான் குழாய் போட வரவில்லை. அப்படி ஒரு குழாய் வருகிறதா என்பதே எனக்குத் தெரியாது" என்றேன்.

"வராத பைப்புக்கு எதுக்கு மலேசியாவுலேர்ந்து ஆளு வர்றாங்க?" என்றார் கோவிந்தன்.

நியாயமான கேள்வி. கண்டக்டர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

"பாடம் எடுக்க வந்தாங்க. எங்க காலேஜுல லெக்சர்" என்றார் அருள்ராஜ், ஏறக்குறைய அழும் குரலில்.

"பைப்ப பத்தி லெக்சரா? அதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது? ஓட்ட இருக்கும், இந்தப் பக்கம் வுட்டா அந்தப் பக்கம் வரும்" என்றார் கோவிந்தன். கூட்டம் சிரித்தது.

முப்பது வருட உத்தியோகத்தை ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் கேளுங்கள்" என்று எழுந்தேன்.

மூங்கிலில் தொடங்கினேன். சீனாவில் உப்புத் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியவர்கள், கூடவே வந்த வாயுவை மூங்கில் குழாயில் கொண்டுபோய் அடுப்பெரித்தார்கள் என்று சொன்னதும், "மூங்கிலு பத்திக்காதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நுனியில் களிமண் வைப்பார்கள் என்றேன். அடுத்து லண்டன். தெருவிளக்குக்கு வாயு கொண்டுபோகக் குழாய் போதாமல், போரில் மிஞ்சிய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் புதைத்தார்கள் என்று சொல்வதுண்டு. "சுட்டா இன்னா ஆவறது?" என்றார் கோவிந்தன்.

முதல் துண்டைச் சுற்றுக்கு விட்டேன். வார்ப்பிரும்பு. கனம் ஜாஸ்தி, ஓங்கித் தட்டினால் உடையும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் எண்ணெய் கிடைத்த புதிதில் அதை மரப் பீப்பாய்களில் நிரப்பிக் குதிரை வண்டியில் ஏற்றிப்போனார்கள். ஒருவர் இரும்புக் குழாய் போட்டதும் வண்டிக்காரர்கள் பிழைப்புப் போகிறதென்று இரவோடு இரவாகக் குழாயைப் பிடுங்கிப் போட்டார்கள். இதைச் சொன்னபோதுதான் கூட்டம் உண்மையில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அந்த வண்டிக்காரங்களுக்கு அப்பறம் வேற வேல குடுத்தாங்களா?" என்று அஞ்சலை கேட்டார்.

இத்தனை வருடம் இந்தக் கதையை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். யாரும் இதைக் கேட்டதில்லை, நானும் தேடிப் பார்த்ததில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உருக்குக் குழாய்க்குத் தாவினேன்.

இரண்டாவது துண்டு, மண்ணில் துருப்பிடிக்காமலிருக்கத் தார் பூசிய பழைய உருக்கு. முகர்ந்து பார்த்த ஒரு பெரியவர், "ரோடு வாசன" என்றார். மூன்றாவது இந்தக் காலத்து உருக்கு. பலம் ஜாஸ்தி ஆக ஆகத் தடிமன் கம்மி ஆனது, அதே வேலைக்குக் கம்மி இரும்பு போதும் என்று விளக்கினேன். தாரும் போய்விட்டது. இப்போது குழாயைச் சூடாக்கி ஒரு பவுடரைத் தூவுவார்கள், அது உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஒரு பசை. அதன் மேல் கறுப்பு பிளாஸ்டிக்.

"பவுடர் போட்டு, பசை தடவி, சட்ட மாட்டி அனுப்பறீங்க. மாப்ள அழைப்பா இது?" என்றார் கோவிந்தன். இந்த உவமையை நான் திருடிக்கொண்டேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது மஞ்சள் பிளாஸ்டிக். ஊருக்குள் வீடுவீடாகப் போகிற, அழுத்தம் கம்மியான வாயுவுக்கு. ஐந்தாவது, உள்ளே பிளாஸ்டிக், நடுவில் நார்ப் பின்னல், மேலே மறுபடி பிளாஸ்டிக். பெரிய உருளையில் சுருட்டி எடுத்துப் போகலாம், வளையும் என்றேன்.

"வளையுமா?" அஞ்சலை எழுந்து வந்து அதைக் கையில் வாங்கினார். "வளையறதுன்னா எங்க நெலத்த சுத்திக்கினு போவ சொல்லுங்க."

"நீண்ட தூரம், பெரிய அழுத்தத்தில் போகிறதுக்கு இன்னும் உருக்குதான் லா. அது கொஞ்சம்தான் வளையும்."

"இவ்ளோ காலமா இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றார் அவர்.

அப்போது கோவிந்தன் தொண்டையைச் செருமினார். "மேடம் லா" என்றார். அது மரியாதைச் சொல் என்று நினைத்துவிட்டார்போல. "அண்ணி நெலத்துல வேணாம்னா வுட்டுடுங்க. எங்க நெலம் பக்கத்துலயே இருக்குது. மொத்தமும் பாற. ஒண்ணும் வெளையாது. பைப்பு பேஷா படுத்துக்கும். நஷ்ட ஈடு மட்டும் பாத்துப் போட்டுக் குடுங்க."

அஞ்சலை மெல்லத் திரும்பினார். "அப்ப பைப்பு வருது வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சது நீதானா?"

"நான் எங்க சொன்னேன்? வந்தா நல்லா இருக்கும்னு சொன்னேன்."

"அத கேட்டுக்கினு நான் குச்சிய காய வுட்டேனே."

அதற்குப் பிறகு எங்களை யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து அண்ணி பக்கமும் கொழுந்தன் பக்கமும் பேசத் தொடங்கியது. நானும் அருள்ராஜும் மின்விசிறிக்குக் கீழே எங்கள் இரண்டாவது டீயைக் குடித்தோம். மெக்கானிக் வந்து டியூபை மாற்றி, அவரும் சாப்பிட்டு, ஒரு பக்கம் சேர்ந்து வாதாடியும் முடித்தபோது மலைமேல் மழைமேகம் இறங்கியிருந்தது. அருவி அன்றைக்கு இல்லை என்றாகிவிட்டது. கோவிந்தன் சாவியைத் துடைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கல்லூரி. வாசலில் பெரிய பேனர். "எண்ணெய், எரிவாயுக் குழாய்ப் பொருட்கள்" என்று அருள்ராஜ் தொலைபேசியில் சொன்னதை அச்சகத்தார் "எண்ணெய், எரிவாயு, குழாய்ப்புட்டுகள்" என்று அடித்திருந்தார்கள். பக்கத்தில் சிரித்தபடி என் படம். அதே சேர்மனின் சமையல் கலைக் கல்லூரி மாணவர்கள் முன்கூட்டியே வந்து முதல் இரண்டு வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் கல்யாணச் சாப்பாட்டின் களைப்பில் சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

நான் "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே" என்று தொடங்கியபோது கதவு திறந்தது. அஞ்சலை, பின்னால் கோவிந்தன், அவருக்குப் பின்னால் நேற்றைய பால் சொசைட்டிக் கூட்டம். டெம்போ பிடித்து வந்திருந்தார்கள்.

"நேத்து எங்ககிட்ட சொன்னதயேதான் இங்கயும் சொல்றீங்களான்னு பாக்க வந்தோம். நீங்க பேசுங்க" என்றார் அஞ்சலை.

என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் பாடம் எடுத்ததில்லை. லண்டனைத் தவிர்த்துவிட்டு நேரே வார்ப்பிரும்புக்குப் போனேன். அஞ்சலை கையைத் தூக்கினார். "துப்பாக்கிய வுட்டுட்டீங்க." துப்பாக்கிக்குத் திரும்பிப் போனேன். குழாய்ச் சுவரின் தடிமன் பற்றிய ஒரு சூத்திரத்தைத் திரையில் காட்டியதும், "இது நேத்து இல்ல" என்று பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. மாணவர்களுக்காகச் சேர்த்தது என்று முதல்வர் எழுந்து சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளை அழைப்பு உவமைக்கு அரங்கமே கைதட்டியது. கோவிந்தன் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

முடிவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அஞ்சலை மேடைக்கு வந்து, "ரெண்டு எடத்துலயும் ஒண்ணயேதான் சொன்னீங்க" என்று தீர்ப்பு வழங்கினார். "எங்களாலதான நீங்க அருவி பாக்கல? டெம்போ வெளிய நிக்குது, ஏறுங்க."

கல்வராயன் மலைப் பாதையை டெம்போவின் பின்பக்கம் நின்றபடி ஏறினேன். எங்கள் ஊரில் கேமரன் மலைக்குப் போனால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பலகை இருக்கும். இங்கே ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கரியாலூரில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். காற்று குளிர்ந்திருந்தது. அருள்ராஜ் வீட்டுக்குப் போன் செய்து, மாமனார் கார் பத்திரமாகக் கல்லூரியில் நிற்கிறது என்று மூன்று தடவை சொன்னார்.

அருவியில் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வாளி நிரம்பக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்று இறங்கிய மேகம் இந்தப் பக்கம் பெய்யாமல் போய்விட்டது. ஊர்க்காரர்கள் கூசிப்போனார்கள். "போன மாசம் வந்திருக்கணும்" என்றார் ஒருவர். கோவிந்தன் பாறைமேல் ஏறி, மேலே ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அந்தச் சொட்டில் எல்லோரும் முறைவைத்துத் தலை நனைத்தோம். பொன்னாடையில் துவட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அஞ்சலை என் பக்கத்தில் நின்றார். மலை இறங்கிச் சமதளம் வந்ததும் கேட்டார்.

"இவ்ளோ தெரிஞ்சவங்க நீங்க. நெசமா சொல்லுங்க. எங்க பக்கம் வருமா, வராதா?"

"தெரியாது" என்றேன். "வந்தாலும் வரலாம். வருவதாக இருந்தால் முதலில் ஊருக்கு முறையாகச் சொல்ல வேண்டும். அதுவரை யார் சொன்னாலும் அது வெறும் பேச்சுதான்."

ஏமாற்றமடைவார் என்று நினைத்தேன். அவர் காற்றில் பறந்த துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"வராதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

வடக்கனந்தலைத் தாண்டி அவர் நிலத்தருகே டெம்போ நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அஞ்சலை இறங்கி வரப்போரம் போய், கிடந்த கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு குச்சியாக நகத்தால் கீறிப் பார்த்தார். காய்ந்ததை ரோட்டுப் பக்கம் எறிந்தார். உள்ளே பச்சை தெரிந்ததைத் தனியாக வைத்தார். எறிந்ததே அதிகம். நிமிர்ந்து டெம்போவைப் பார்த்தார்.

"கோவிந்தா, நாளைக்குக் காலையில நடவு. ஆளக் கூட்டிக்கினு வந்துடு. பத்தாத குச்சிய நீயே எங்கனா கேட்டு வாங்கிக்கினு வா."

"நாளைக்கா?" கோவிந்தன் என்னைப் பார்த்தார். "மேடத்த பஸ்ஸு ஏத்தி வுடணுமே அண்ணி."

"அவங்க மலேசியாவுலேர்ந்தே தனியா வந்தவங்க. பஸ்ஸு ஏறத் தெரியும். நீ எறங்கு."

கோவிந்தன் மீசையைத் தடவிக்கொண்டே இறங்கினார். டெம்போ கிளம்பும்போது இருவரும் குனிந்து குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.